செம்பியை உள்ளபடி சொல்லுங்கள்

கேள்வி:

டிசம்பர் மழைக்குள் திருகோணமலை நிலாவெளி வீதியோரம் ஒரு பெட்டை நாய் பின்னங்கால் அடிபட்டுக் கிடந்தது. உடம்பெல்லாம் சொறி. அதற்கு மேல் யாரோ கழிவு ஒயில் பூசியிருந்தார்கள். ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து, உப்புவெளியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டு விறாந்தையில் வைத்துப் பார்த்தோம். இப்போது நன்றாக நடக்கிறாள், மயிரும் முளைத்துவிட்டது. இரண்டு வயது இருக்கும் என்று காலுக்குக் கட்டுப் போட்ட டொக்டர் சொன்னார். மகன் செம்பி என்று பெயர் வைத்துவிட்டான்.

நான் ஆசிரியை. இடமாற்றம் வந்துவிட்டது, ஏப்ரல் முடிவுக்குள் வீட்டை விட வேண்டும். போகிற இடத்தில் நாய் வைக்கவே கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அதற்குள் இவளுக்கு நிரந்தரமாக ஓர் இடம் தேட வேண்டும். பெட்டை என்றதும் எல்லோரும் பின்வாங்குகிறார்கள். இரண்டு பேர்தான் கேட்டிருக்கிறார்கள். சீனக்குடாப் பக்கம் ஒருவர், தன் களஞ்சியத்துக்குக் காவலாகப் பகலில் கட்டி வைத்து இரவில் அவிழ்த்து விடுவேன் என்கிறார். கொழும்பில் ஓர் இளம் தம்பதி, தொடர்மாடியில் நான்காம் மாடி. படத்தைப் பார்த்தே ஆசைப்பட்டுவிட்டார்கள். எங்கள் ஒழுங்கை முனையில் இருக்கும் ஆச்சி ஒருவர் செம்பிக்கு மீன்தலை அவித்து வைப்பார், ஆனால் வசதியில்லாதவர், அவரிடம் எப்படிக் கொடுப்பது?

இன்னொரு விசயம். போன கிழமை எட்டு வயது மகன் சோற்றுக் கோப்பைக்குக் கிட்டப் போனபோது பல்லைக் காட்டி உறுமினாள். கடிக்கவில்லை. இதை வெளியே சொன்னால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். சொல்லாமல் விடலாமா? மாமியோ, தெருநாயை வீட்டுக்குள் விட்டது போதும் என்கிறார். ஐந்து கிழமையாக அவளுக்கு இரத்தம் சொட்டுகிறது, காலம் வந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். கொடுத்துவிட்டால் அவளுக்குச் செய்யும் துரோகமாகிவிடுமோ என்று எனக்கு நித்திரை வருவதில்லை.

— உப்புவெளி வாசகி

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியதை, மிருக வைத்தியராக நான் முதலில் எடுக்கிறேன். ஐந்து கிழமை இரத்தம் சொட்டுவது காலம் வந்ததன் அடையாளம் இல்லை. பெட்டை நாய்க்குக் காலம் வந்தால் ஏறக்குறைய மூன்று கிழமையில் எல்லாம் அடங்கிவிடும். அதிலும் இரத்தம் காண்பது பெரும்பாலும் முதல் பாதியில்தான். தெருவில் திரிந்த இளம் பெட்டைக்கு இப்படி நின்று சொட்டினால், கையுறையைப் போட்டுக்கொண்டு நான் முதலில் தேடுவது பிறப்புறுப்பின் உள்ளே ஒரு கட்டி இருக்கிறதா என்றுதான். பூக்கோவாவை உடைத்தது போல, சிவந்து, தொட்டால் பொருபொருவென்று உதிர்ந்து இரத்தம் கசியும் கட்டி. நாய்கள் இணையும்போது ஒன்றிலிருந்து மற்றதற்குத் தொற்றும் புற்று அது. கட்டாக்காலி நாய்களிடம் நாங்கள் அடிக்கடி காண்கிறோம்.

புற்று என்ற சொல்லைக் கேட்டு உடைந்துவிட வேண்டாம். நாய்க்கு வரும் புற்றுகளில் இவ்வளவு நன்றாக மருந்துக்குக் கேட்பது வேறொன்றைச் சொல்வது கடினம். கிழமைக்கு ஒன்றாக வின்கிறிஸ்டின் ஊசி போட வேண்டும். நான்கு முதல் ஆறு ஊசிக்குள் பெரும்பாலான நாய்கள் முற்றாகச் சுகமாகின்றன. மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் ஊசி போட்ட பிறகு சில நாட்களுக்கு மருந்து சிறுநீரிலும் மலத்திலும் வெளியேறும், அதனால் அவற்றைக் கையுறையோடுதான் அள்ள வேண்டும், மகனை அந்த வேலைக்கு விடக்கூடாது. கட்டியே இல்லாமல் வேறு காரணமாகவும் இருக்கலாம். பார்க்காமல் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: வழக்கத்தைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடித்து, சோற்றை வேண்டாமென்று சுருண்டு படுத்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அப்படியென்றால் கிழமை முடியும்வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சரி, இனி உங்களை நித்திரை கொள்ள விடாத கேள்விக்கு வருகிறேன். உறுமியதை மறைக்கலாமா?

மறைக்கக்கூடாது. ஏனென்று சொல்ல, நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். வைத்தியத்துக்கு வந்த புதிதில், கால் உடைந்து வந்த ஒரு கடுவனைச் சுகமாக்கி இரண்டு மாதம் என்னுடன் வைத்திருந்தேன். நல்ல பிள்ளை. ஆனால் கோழியைக் கண்டால் அவன் காது முன்னால் வரும், உடம்பு கயிறு போல இறுகும். அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவனைக் கேட்டு வந்த குடும்பத்தின் வளவில் கோழிகள் நின்றன. அதையும் பார்த்தேன். அவர்கள் மனம் மாறிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒன்றும் சொல்லவில்லை, போனால் பழகிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் விடியற்காலையில் ஐந்து கோழி செத்துக் கிடந்தன. கோபத்தில் அவனைக் கடற்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள், எனக்கு அறிவிக்கவும் இல்லை. நான் தேடிப் பிடித்தபோது கழுத்துப் புண்ணில் புழு வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தான். காப்பாற்ற முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் எனக்குக் கோபமில்லை. அவர்கள் எடுத்தது நான் சொன்ன நாயை. அவர்கள் வளவுக்குப் போனதோ வேறு நாய்.

உங்கள் கையில் இருப்பதன் பெறுமதி இதுதான், சகோதரி. செம்பியை உலகத்தில் உள்ளபடி அறிந்த ஆட்கள் நீங்களும் உங்கள் மகனும் மட்டும். ஒரு நாயைத் தற்காலிகமாக வைத்திருப்பவரின் வேலை சோறு வைப்பதோடும் மருந்து போடுவதோடும் முடிவதில்லை. அந்த நாய் எதற்குப் பயப்படும், எதற்கு மகிழும், எங்கே பல்லைக் காட்டும் என்பதை அடுத்த வீட்டுக்காரரிடம் கூட்டாமல் குறைக்காமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். நீங்கள் ஒன்றை மறைத்தால் செம்பிக்காகப் பேச வேறு யாருமில்லை.

இனி உறுமலையே பார்ப்போம். பட்டினி கிடந்த நாய் கோப்பையைக் காப்பது மிகச் சாதாரணம். அவள் உறுமியது ஓர் எச்சரிக்கை, 'கிட்ட வராதே' என்று வாயால் சொல்லியிருக்கிறாள். அதற்காக அடிக்கவோ ஏசவோ வேண்டாம். உறுமலுக்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை நிறுத்தும், பயம் மட்டும் அப்படியே இருக்கும். பிறகு ஒரு நாள் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். பழக வேண்டும் என்று சாப்பிடும்போது கோப்பையை இழுத்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். அதுவும் வேண்டாம், அவள் பயந்தது சரிதான் என்று அது அவளுக்கு உறுதிப்படுத்திவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அவளுக்குச் சோறு வைக்கும் இடத்தை யாரும் நடந்து போகாத ஒரு மூலைக்கு மாற்றுங்கள், கிணற்றடிப் பக்கம் என்றாலும் பரவாயில்லை. நேரம் தவறாமல் இரண்டு வேளை வையுங்கள், நாளைக்கும் சோறு வரும் என்ற நம்பிக்கைதான் பாதி மருந்து. சாப்பிடும்போது பெரியவர் ஒருவர் ஐந்தாறு அடி தள்ளி நின்று, கோப்பையில் இருப்பதைவிட ருசியான ஒரு துண்டை, முள் எடுத்த மீனோ அவித்த கோழியோ, கோப்பைப் பக்கமாக எறிந்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். எறிந்ததும் போய்விட வேண்டும், அதுதான் முக்கியம். சில நாட்களில் நீங்கள் வருவதைக் கண்டதும் உடம்பு இறுகாமல் வாலை ஆட்டி நிமிர்ந்து பார்ப்பாள். அப்போது ஓர் அடி கிட்டப் போகலாம். மகன் இந்தப் பக்கமே வரவேண்டாம். இரவில் அவளோடு விறாந்தையில் படுக்கும் வழக்கம் அவனுக்கு இருந்தால் அதையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். நித்திரையில் கை பட்டுத் திடுக்கிட்டு எழும் நாய் யாரென்று பார்த்துவிட்டுக் கடிப்பதில்லை.

விசர் தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. போடவில்லையென்றால் இந்தக் கிழமையே போடுங்கள். விசர்நாய் நோய்க்கென்று எங்கள் நாட்டில் 1893இலேயே கட்டளைச் சட்டம் வந்துவிட்டது, அவ்வளவு பழைய எதிரி. நோய்க் குறி தொடங்கிவிட்டால் நாய்க்கும் சரி மனிதருக்கும் சரி மீட்சியில்லை என்றே சொல்லலாம், முன்கூட்டியே போடும் ஊசி ஒன்றுதான் வழி. கடி, கீறல் எதுவானாலும், சின்னதென்று பாராமல் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று அங்கே டொக்டர் முடிவெடுக்கட்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

மாமியோடு வாதாட வேண்டாம் என்றுதான் சொல்வேன். அவர் சொல்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது. தெருவில் இருந்து வந்த நாயின் குடலில் கொக்கிப்புழு இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அதன் முட்டை மலத்தோடு விழுந்து, உப்புவெளி மாதிரியான ஈர மணலில் புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கூட ஏறும். ஆகவே பூச்சிக் குளிசையை டொக்டர் சொன்ன இடைவெளியில் திரும்பவும் கொடுங்கள், வளவில் அவள் போடும் மலத்தை அன்றன்றைக்கே அள்ளிப் புதையுங்கள், தொட்டு விளையாடிய பிறகு மகன் கை கழுவட்டும். இதையெல்லாம் மாமி தன் கண்ணால் பார்த்தாரென்றால் அவர் பயத்தில் பாதி தீர்ந்துவிடும். மீதி அவருடைய வழக்கம். விறாந்தையோடு செம்பி நிற்பதால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

கழிவு ஒயில் பற்றியும் ஒரு சொல். யாரோ இரக்கப்பட்டுத்தான் பூசியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் சொறி நாயைக் கண்டால் கராஜில் போய் ஒரு போத்தல் பழைய ஒயில் வாங்கி வருவது வழக்கமாகவே இருக்கிறது. சொறிக்குக் காரணம் தோலுக்குள் சுரங்கம் தோண்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணி. ஒயிலில் அது செத்தாலும் சாகாவிட்டாலும், நாய் அந்த ஒயிலை நக்கி நக்கிக் குடிக்கிறது, வெடித்த தோல் வழியாகவும் உள்ளே போகிறது. குடலும் ஈரலும் கெட்டுப்போன நாய்களை இதே காரணத்துக்காகப் பார்த்திருக்கிறேன். இப்போது சொறி உண்ணியையும் உடம்பு உண்ணியையும் சேர்த்தே கொல்லும் குளிசைகள் இருக்கின்றன, வாயால் கொடுத்தால் போதும். ஒயில் பூசிய நாய் இன்னொன்றைக் கண்டால் பாத்திரம் கழுவும் திரவத்தால் மெதுவாக முழுகவார்த்து விட்டுக் கூட்டி வாருங்கள்.

அடுத்தது, பெட்டை என்பதால் யாரும் எடுக்கவில்லை என்ற கவலை. எல்லோரும் பயப்படுவது குட்டிக்குத்தான். வருடத்துக்கு இரண்டு முறை காலம் வரும், வாசலில் பத்துக் கடுவன் நிற்கும், அறுபத்து மூன்று நாளில் ஆறேழு குட்டி, பிறகு அந்தக் குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையடியில் விடுவது. 2006இலிருந்து கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் நிறுத்தியிருக்கிறது, அது நல்லது. ஆனால் கருத்தடை செய்யாமல் ஒரு பெட்டையைக் கைமாற்றினால் அடுத்த மாரியில் நிலாவெளி வீதியில் இன்னும் ஆறு செம்பிகள் கிடக்கும். ஆகவே கருத்தடை செய்யாமல் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன கட்டி இருந்தால் அதைச் சுகமாக்கிவிட்டுத்தான் சத்திர சிகிச்சை, அதற்குள் ஏப்ரல் வந்தாலும் எடுப்பவரோடு பேசி, அவருடைய வீட்டில் இருந்தபடியே முடித்துவிடலாம். தையல் ஆறப் பத்து முதல் பதினான்கு நாள். "கருத்தடை செய்தாயிற்று, விசர் ஊசி போட்டாயிற்று, அட்டை இதோ" என்று சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பெட்டை வேண்டாம் என்றவர்களில் சிலர் திரும்பி வருவார்கள்.

இப்போது கேட்டிருக்கும் வீடுகள்.

சீனக்குடாக் களஞ்சியத்துக்குக் கொடுக்க வேண்டாம். கேட்டவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு வேண்டியது சத்தம் போடும் ஒரு காவல், அதில் பிழையில்லை. ஆனால் கச்சான் காற்று அனலாக வீசும் ஆடி மாதத்தில், தகரக் கூரைக்குப் பக்கத்தில் பகல் முழுதும் சங்கிலியில் நிற்கப்போவது கோப்பையைக் காக்கும் ஒரு நாய். கட்டிக் கிடக்கும் நாய்க்கு விலகிப் போக வழியில்லை. விலக முடியாதபோது அதற்கு மிஞ்சுவது பல் மட்டும். இரண்டு மாதத்தில் யாரையாவது கடிப்பாள், பழியும் அவள் தலையில்தான் விழும்.

கொழும்புத் தம்பதியை நான் உடனே தள்ளமாட்டேன். ஊர் நாய் தொடர்மாடியில் வாழாது என்பது பொய். காலையும் மாலையும் ஒழுங்காக நடக்கக் கூட்டிப் போனால் வாழும். எனக்கு இடிப்பது, படத்தைப் பார்த்தே ஆசைப்பட்டுவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியதுதான். படத்தில் உறுமல் தெரியாது. அடிபட்ட பின்னங்கால் நான்கு மாடிப் படிக்கட்டில் என்ன பாடுபடும் என்பதும் தெரியாது. அவர்களை அழைத்து, கோப்பைக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். சொன்ன பிறகு அவர்கள் கேட்கும் அடுத்த கேள்வியைக் கவனியுங்கள். "அப்படியென்றால் நாங்கள் எப்படிச் சோறு வைப்பது?" என்று கேட்டால் அது ஒரு வீடு. "ஓ, பரவாயில்லை, பரவாயில்லை" என்று அவசரமாகத் தாண்டினால் அவர்கள் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: "இதற்கு முன் வளர்த்த நாய்க்கு என்ன நடந்தது?" என் அனுபவத்தில் இந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். வயதாகிச் செத்தது, வாகனத்தில் அடிபட்டது, இரண்டும் நடக்கும். "எங்கேயோ போய்விட்டது" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுபவரிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். உண்மையாகவே வேண்டுமென்றால் ஒரு சனி ஞாயிறு இங்கே வந்து அவளோடு இருந்து பார்க்கட்டும். இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல் தூரம், சரிவராவிட்டால் திருப்பிக் கொண்டுவருவது எளிதில்லை. அப்படித் திருப்பி அனுப்பப்படும் நாயை ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிக்கொள்ள நீங்களும் இங்கே இருக்கமாட்டீர்கள்.

இனி அந்த ஆச்சி. உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். செம்பிக்குத் தினமும் ஏதாவது செய்யும் வேறு ஓர் ஆள் அதில் அவர்தான். ஆனால் அவரிடம் நீங்கள் கேட்டதாகவே எழுதவில்லை. வசதியில்லாதவர் என்று நீங்களே முடிவெடுத்து, அவருக்காக நீங்களே வேண்டாமென்று சொல்லிவிட்டீர்கள்.

வசதி என்று எதைப் பார்ப்பது? நாய்க்குச் செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சோறும் அவித்த மீனும் அவர் இப்போதே கொடுக்கிறார். முள்ளை எடுத்துவிடவும், வெங்காயம், உப்பு, தூள் போட்ட கறியைக் கலக்காமல் விடவும் சொன்னால் போதும். விசர் தடுப்பூசியை அரசாங்கச் சுகாதாரப் பகுதி நாய்களுக்கு இலவசமாகப் போடுகிறது, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எப்போது போடுகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருத்தடையை நீங்களே முடித்துக் கொடுக்கிறீர்கள். மிஞ்சுவது பூச்சிக் குளிசையும் உண்ணிக் குளிசையும். உண்ணிக் குளிசை விலைதான், அதை விடவும் முடியாது. உண்ணிக் காய்ச்சல் எங்கள் பக்கத்து நாய்களைச் சத்தமில்லாமல் கொண்டுபோகும் நோய். ஈறு வெளிறி, சோறு இறங்காமல், இரண்டு நாளில் கிடையாகிவிடும். அந்தச் செலவை மாதாமாதம் நீங்கள் அனுப்புங்கள். மகனை உண்டியலில் போடச் சொல்லுங்கள். இடமாற்றமாகிப் போனாலும் செம்பிக்கு நீங்கள் செய்யக்கூடிய வேலை அது.

பணத்தைவிட, ஆச்சியின் வயதுதான் எனக்கு யோசனையைத் தருகிறது. செம்பி இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருக்கக்கூடியவள். ஆகவே ஆச்சியிடம் மட்டும் பேசாமல், அவருக்கு ஒன்று என்றால் பொறுப்பெடுக்கும் மகனோ மகளோ யாரோ, அவரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருவார்களா, வந்தால் அவள் சாப்பிடும் நேரத்தில் பிள்ளைகளை யார் பார்ப்பது, படலை ஒழுங்காகச் சாத்துமா, பக்கத்து வளவில் கோழி நிற்கிறதா, நகரப் பக்கத்திலிருந்து உலாவி வரும் மான்களைக் கண்டால் இவள் என்ன செய்கிறாள், எல்லாவற்றையும் பேசுங்கள். கேட்டுவிட்டு ஆச்சி "என்னால் ஏலாது பிள்ளை" என்றால் அதையும் மதியுங்கள். அவர் சரி என்றால் ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையொப்பம் வையுங்கள்: வைத்திருக்க முடியாமல் போனால் வேறு யாருக்கும் கொடுக்காமல் முதலில் உங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்று. பிரதேச சபையில் நாயைப் பதிவதும் அவர் பெயரிலேயே நடக்கட்டும். நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1901இலிருந்து இருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் பதிந்த நாய்கள் குறைவு.

எந்த வீடாக இருந்தாலும் கூடவே ஒரு கொப்பி போக வேண்டும். அதை மகன் எழுதட்டும். அவனுக்கு இன்றைக்கே உண்மையைச் சொல்லுங்கள். செம்பி எங்களோடு வரமாட்டாள், அவளுக்கு ஒரு நல்ல வீடு தேடுகிறோம், அந்த வீட்டுக்காரருக்கு அவளைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு உன்னுடையது என்று. எட்டு வயதுப் பிள்ளைகள் எங்களைவிடக் கூர்மையாகப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளை எழுதிய அப்படியான கொப்பி ஒன்று என் மேசையில் இன்னும் இருக்கிறது. "இடி இடித்தால் தையல் மெசினுக்குக் கீழே போவான், இழுக்க வேண்டாம், தானாக வருவான்." "தும்புத்தடியை எடுத்தால் மூத்திரம் போவான், கூட்டும்போது அவனை வெளியில் விடுங்கோ." "வலது காதுக்குப் பின்னால் சொறிந்தால் கண்ணை மூடுவான்." அந்த நாயை எடுத்தவர்கள் தும்புத்தடியை அவன் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றினார்கள். உங்கள் மகனும் கோப்பைக் கதையைத் தன் கையாலேயே எழுதட்டும். உறுமியது தன்னால் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கலாம். எழுதும்போது அப்படி இல்லை என்று நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லலாம்.

துரோகமா என்று கேட்டீர்கள். இந்தச் சொல் எங்கள் மாவட்டத்துக்காரர் வாயில் லேசாக வருவதில்லை என்று எனக்குத் தெரியும். போரில், 1990இலும் 2006இலும் உடுத்த உடுப்போடு ஓடிய வீடுகளில் எத்தனை நாய்கள் படலையைப் பார்த்தபடி நின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று நின்றது. அதை நினைத்து அம்மா பல வருடம் அழுதார். அது எங்கள் கையில் இல்லாமல் நடந்தது. நீங்கள் செய்வது வேறு. அவள் நோயைப் பார்த்து, குணத்தைப் பார்த்து, போகும் வீட்டின் படலையைக்கூட ஆட்டிப் பார்த்துக் கொடுக்கிறீர்கள். செம்பி உங்களைத் தேடுவாள், அதை நான் மறைக்கமாட்டேன். சில நாள் குறைவாகச் சாப்பிடுவாள், இரவில் முனகுவாள். பிறகு நேரத்துக்குச் சோறும், ஒரே குரலும், படுக்க ஒரே சாக்கும் கிடைத்தால் அங்கே ஒட்டிக்கொள்வாள். நாய்களால் அது முடியும். உங்களுக்கு அதைவிட அதிக நாள் எடுக்கலாம். எடுக்கட்டும்.

ஆச்சி வீடு என்று முடிவானால் ஒரே நாளில் கைமாற்ற வேண்டாம். ஒழுங்கை முனைதானே. ஒரு கிழமைக்கு இரவுச் சோற்றை மட்டும் அங்கே கொண்டுபோய் ஆச்சியின் கையால் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கிழமை அவள் படுக்கும் சாக்கை அங்கே கொண்டுபோங்கள், கழுவாமல், அவள் மணத்தோடு. இரண்டு இரவு நின்று பார்க்கட்டும். மார்ச் நடுப்பகுதிக்குள் இதை முடித்துவிட்டால் சித்திரைப் புத்தாண்டு வெடிச் சத்தத்துக்கு முன் அவளுக்கு ஒரு மாதம் பழக்கம் இருக்கும். புதிதாக வீடு மாறிய நாய் வெடிக்குப் பயந்து ஓடினால் காணாமற்போவது எளிது. அன்றைக்குப் பகலிலேயே அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். கொழும்பென்றால் வாகனத்தில் ஏறும் முன் நான்கைந்து மணி நேரம் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம். ஹபரணைக் காட்டுப் பாதையில் கதவைத் திறக்கும் முன் கழுத்துப் பட்டியில் கயிறு மாட்டியிருக்கிறதா என்று இரண்டு தரம் பாருங்கள்.

நீங்கள் போகும்வரையும் அவள் உங்கள் படலைக்குத் திரும்பத் திரும்ப வருவாள். வந்தால் துரத்த வேண்டாம், சோறும் வைக்க வேண்டாம். மகன் கயிற்றைப் பிடித்து, நீங்களும் கூடவே நடந்து, ஆச்சி வீட்டில் கொண்டுபோய் விட்டு வாருங்கள். அங்கே போனதும் ஆச்சி அவளுக்கு ஏதாவது கொடுக்கட்டும்.

முதலில் அந்த இரத்தப் போக்கைப் பார்க்க வேண்டும். இந்தச் சனிக்கிழமை காலை கூட்டி வாருங்கள், மயக்க ஊசி தேவைப்படலாம், அதனால் வெறும் வயிற்றோடு. ஊசி அட்டை இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். ஆச்சிக்கு வர விருப்பமென்றால் அவரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொள்ளுங்கள். குளிசையை மீனுக்குள் வைத்துக் கொடுப்பது எப்படி என்று அவருக்கே காட்டித் தருகிறேன்.